‘வேற என்ன பண்றது?’ என்று ஆரம்பித்த கடைகள்

தொழில்முனைவோர் விழா மேடைகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “நீங்கள் ஏன் சொந்தத் தொழிலுக்கு வந்தீர்கள்?” பதிலும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். சின்ன வயதில் ஒரு கனவு, நடுவில் ஒரு நெருக்கடி, அதைத் தாண்டிய பிடிவாதம். இதே கேள்வியை எங்கள் தெருமுனை டீக்கடைக்காரரிடம் ஒருநாள் கேட்டேன். பாய்லரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “வேற என்ன பண்றது சார்?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. எனக்குப் பின்னால் நின்றவருக்குச் சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட வேண்டியிருந்தது.

ஆசைப்பட்டுத் தொழிலுக்கு வந்தவர் ஜெயிப்பார், வேறு வழியில்லாமல் வந்தவர் ஒப்பேற்றிக்கொண்டிருப்பார் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். பொருளாதார ஆய்வாளர்களும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். கடந்த இருபது வருடங்களில் வந்த ஆய்வுகளைப் படித்தால், இந்த நம்பிக்கை பாதி சரி என்று தெரிகிறது. மீதிப் பாதியில்தான் சுவாரசியம் இருக்கிறது.

முதலில் நம் நாட்டில் சொந்தத் தொழில் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2017-18இல் வேலை செய்பவர்களில் 52.2 சதவீதம் பேர் சுயதொழில் செய்தார்கள். 2023-24இல் அது 58.4 சதவீதமாகிவிட்டது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு அதே காலத்தில் கொஞ்சம் குறைந்தது. இந்த 58.4ஐக் காட்டி இந்தியர்களின் தொழில் வேட்கை பெருகிவிட்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தக் கணக்குக்குள் சொந்த நிலத்தில் உழுபவரும் இருக்கிறார், வீட்டுக் கடையில் சம்பளமில்லாமல் கல்லாவில் உட்காரும் மனைவியும் இருக்கிறார். பெருந்தொற்று வருடமான 2020-21இல் சுயதொழில் செய்பவர்களின் பங்கு 55.6 சதவீதமாக உயர்ந்தது. அந்த வருடம் எல்லாருக்கும் திடீரென்று முதலாளியாகும் ஆசை வந்துவிட்டது என்று நம்புவது கஷ்டம்.

இன்னொரு கணக்கு. 2015-16இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், விவசாயம் தவிர்த்த பதிவு பெறாத சிறு தொழில்களில் சுமார் 84 சதவீதம், சம்பளத்துக்கு ஓர் ஆளைக்கூட வைத்துக்கொள்ளாதவை. அதாவது முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை, காவல்காரர் எல்லாம் ஒரே ஆள். கடை வைத்தவர் ஏன் வைத்தார் என்று தேடப்போனால், இந்த 84 சதவீதத்தினரிடம்தான் கேட்க வேண்டும். மேடைக்கு வருவது பெரும்பாலும் மீதி 16இல் இருந்து.

காரணங்களை இரண்டாகப் பிரிப்பது ஆய்வாளர்களின் பழைய வழக்கம். ஒருவரைத் தொழிலுக்குள் தள்ளும் காரணங்கள் ஒரு பக்கம்: வேலை போனது, வேலையே கிடைக்காதது, முதலாளியோடு சண்டை, வீட்டுச் செலவு. இழுக்கும் காரணங்கள் இன்னொரு பக்கம்: சந்தையில் தெரிந்த ஒரு வாய்ப்பு, பணம், யாருக்கும் கைகட்டி நிற்கவேண்டாம் என்ற ஆசை. உலகத் தொழில்முனைவுக் கண்காணிப்பு ஆய்வு என்று 1999 முதல் பல நாடுகளில் நடந்துவரும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. அதன் 2001 அறிக்கையில் இந்தப் பிரிவினை ஒரே கேள்வியாக மாறியது: வாய்ப்பைப் பார்த்து வந்தீர்களா, வேறு நல்ல வேலை இல்லாமல் வந்தீர்களா?

நிஜ மனிதர்கள் இந்தக் கேள்விக்குள் அடங்கவில்லை. அதே ஆய்வு சில வருடங்களுக்கு முன் கேள்வியை மாற்றிக்கொண்டு, நான்கு காரணங்களைத் தனித்தனியே கேட்க ஆரம்பித்தது: உலகத்தில் ஒரு மாற்றம் கொண்டுவரவா, பெரும் செல்வம் சேர்க்கவா, குடும்பத் தொழிலைத் தொடரவா, வேலை கிடைப்பது அரிது என்பதாலா? ஒருவர் எத்தனைக்கு வேண்டுமானாலும் ஆம் சொல்லலாம். நம் நாட்டில் கேட்டபோது, வேலை இல்லாததால் என்பதற்கும் மிகப் பெரும்பாலோர் ஆம் என்றார்கள், உலகத்தை மாற்ற என்பதற்கும் ஆம் என்றார்கள். இதை முரண் என்று நான் நினைக்கவில்லை. வேலை கிடைக்காமல் தையல் மெஷின் வாங்கிப் போட்ட பெண்ணுக்கு, நாலு பேருக்கு வேலை கொடுக்கவேண்டும் என்ற ஆசையும் இருக்கலாம்தானே?

இதைத் தெளிவாகப் பார்க்கக் கிடைத்த இடம் ஜெர்மனி. அங்கே அரசாங்கமே வேலையிழந்தவர்களைக் கூப்பிட்டு, “இந்தா பணம், ஒரு தொழில் தொடங்கு” என்றது. 1986 முதல் ஒரு திட்டம் இருந்தது. வேலையில்லாக் கால உதவித்தொகையையே ஆறு மாதத்துக்குத் தொழில் தொடங்கும் உதவியாகக் கொடுப்பார்கள். 2003 ஜனவரியில் இன்னொரு திட்டம் வந்தது. முதல் வருடம் மாதம் 600 யூரோ, இரண்டாம் வருடம் 360, மூன்றாம் வருடம் 240. அதற்கு ‘இஷ் ஆகே’ என்று பெயர். ‘இஷ்’ என்றால் நான், ‘ஆகே’ என்றால் பங்கு நிறுவனம். ‘நான் ஒருவனே கம்பெனி’ என்று நம் வழக்கில் சொல்லலாம். ஜெர்மானிய மொழியறிஞர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. 2002ஆம் ஆண்டின் மோசமான சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மனிதரைப் பங்குச்சந்தைப் பொருளாக்குகிறது என்று கோபம். 2006இல் இரண்டு திட்டங்களையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள்.

இப்படித் தொழில் தொடங்கிய ஏறக்குறைய 1,900 பேரை மார்கோ கலியெண்டோ, அலெக்சாண்டர் கிரிட்டிகோஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பின்தொடர்ந்தார்கள். எல்லாரும் வேலையிழந்தவர்கள். பழைய பாகுபாட்டின்படி அத்தனை பேரும் ‘தள்ளப்பட்டவர்கள்’ கணக்கில்தான் வரவேண்டும். ஆனால் காரணம் கேட்டபோது மூன்று கூட்டம் தெரிந்தது. வேலையில்லாததால் மட்டும் வந்தவர்கள், வாய்ப்பைப் பார்த்து வந்தவர்கள், இரண்டும் சேர்ந்து வந்தவர்கள். வேலை போயிருக்கும், ஆனால் போவதற்கு முன்பே மனதில் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். 19 மாதம் கழித்துப் பார்த்தபோது, வாய்ப்புக்காக வந்தவர்களில்தான் அதிகம் பேர் தொழிலில் நீடித்தார்கள். வேறு வழியின்றி வந்தவர்களில் நீடித்தவர்கள் குறைவு. இரண்டும் கலந்தவர்கள் நடுவில் நின்றார்கள்.

சரி, அப்படியானால் நம் பழைய நம்பிக்கை சரிதானே? அங்கேதான் இன்னொரு ஜெர்மானிய ஆய்வு குறுக்கே வருகிறது. யோர்ன் பிளாக்கும் பிலிப் சாண்ட்னரும் 2009இல் வெளியிட்டது. நாடு தழுவிய குடும்ப ஆய்வுத் தரவை வைத்து, இந்த இரண்டு வகையினரும் எத்தனை காலம் சொந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வாய்ப்புக்காக வந்தவர்கள் அதிக காலம் இருந்தார்கள், எதிர்பார்த்தபடியே. அப்புறம் ஒரே ஒரு விஷயத்தைக் கணக்கில் சேர்த்தார்கள்: அவர் தொடங்கிய தொழிலும் அவர் படித்த, பயிற்சி பெற்ற துறையும் ஒன்றா? அதைச் சேர்த்தவுடன் இரண்டு வகையினருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதாக இல்லாமல் போனது. தச்சுப் பயிற்சி பெற்றவர் வேலை போன கடுப்பில் தச்சுப் பட்டறை போட்டால், ஆசைப்பட்டுப் பட்டறை போட்ட தச்சரைப் போலத்தான் நீடித்தார். வேலை போன அதே கடுப்பில் அவர் காபிக் கடை போட்டால் கதை வேறு.

இதைப் படித்த பிறகு டீக்கடைக்காரரிடம் வேறு கேள்வி கேட்டேன். கடைக்கு முன்னால் என்ன செய்தீர்கள்? பதினாலு வயதில் சைதாப்பேட்டையில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தாராம். அப்புறம் பலகாரம் போடுபவருக்கு எடுபிடி. அப்புறம் டீ மாஸ்டர், மூன்று கடைகளில், ஒன்பது வருடம். கடைசி முதலாளி இடத்தைக் காலி செய்தபோதுதான் ‘வேற என்ன பண்றது’ வந்தது. எந்தப் பால்காரர் கடனுக்கு ஊற்றுவார், மழைநாளில் வடைமாவு எவ்வளவு குறைக்கவேண்டும், எந்த வாடிக்கையாளருக்கு அக்கவுண்ட் வைக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் அப்போதே கைக்குள் இருந்தது. அவர் சொன்ன காரணம் மூன்றே சொல். அந்தக் காரணத்தோடு வந்த சரக்கு பல வருடத்துடையது.

தள்ளப்பட்டு வருவது ஏன் கெடுதல் செய்கிறது என்பதும் இதிலிருந்து ஓரளவு புரிகிறது. மனநிலையைவிட, அது பறித்துக்கொள்ளும் பொருட்கள்தான் முக்கியம். முதலாவது, அவகாசம். சம்பளம் வரும்போதே ஆறு மாதம் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குவது ஒரு வகை. இந்த மாத வாடகைக்குக் கடை திறப்பது இன்னொரு வகை. அடுத்தது, தேர்வு. அவசரத்தில் வருகிறவர் யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய தொழிலுக்குத்தான் போக முடியும். டிபன் வண்டி, ரீசார்ஜ் கடை, வீட்டிலேயே புடவை வியாபாரம், ஆட்டோ. எல்லாரும் அங்கேதான் வருவார்கள் என்பதால் ஒரே தெருவில் ஐந்து டிபன் வண்டி. தெருவில் இட்லி தின்பவர்கள் எண்ணிக்கை கூடுவதில்லை. அவர்களை ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் பணம். அவசரக்காரருக்கு வங்கிக் கடன் கிடைப்பதற்குள் தண்டல்காரர் வந்துவிடுவார். 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார். தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூல். ‘ஆயிரம் ரூபாதானே’ என்று தோன்றும். ஆனால் முதலும் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி 75 சதவீதத்துக்கு மேலே போகிறது. அந்த வட்டியைக் கட்டிவிட்டு மிஞ்சும் லாபம் தரக்கூடிய தள்ளுவண்டி எத்தனை இருக்கும்? கடை நொடித்தால் ‘அவருக்கு ஆர்வமில்லை’ என்பார்கள்.

மறுபக்கம், ஆசை இருந்தால் போதும் என்ற நம்பிக்கையின் கதியையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ஆர்னால்ட் கூப்பரும் சக ஆய்வாளர்களும் புதிதாகத் தொழில் தொடங்கிய 2,994 பேரிடம் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். 1988இல் முடிவு வந்தது. 81 சதவீதம் பேர் பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ என்றார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். வேடிக்கை என்னவென்றால், நன்றாகத் தயாராகி வந்தவர்களுக்கும் அரைகுறையாக வந்தவர்களுக்கும் நம்பிக்கையில் வித்தியாசமே இல்லை. ஓய்வுபெற்ற பணத்தைப் போட்டு ‘ஹோட்டல்ல நல்ல மார்ஜின்’ என்று இறங்கியவர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். மாஸ்டர் இரண்டு நாள் லீவு போட்டால் சாம்பார் வைக்கக்கூட ஆளில்லாமல் தவிப்பார்கள். அவர்களுக்கு ஆசையில் குறையே இருக்காது.

தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் தள்ளப்பட்டு ஜெயித்த கதைக்குச் சிவகாசியைத்தான் முதலில் சொல்வார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி, விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். தள்ளியது வறட்சிதான். ஆனால் போன வேகத்தில் திரும்பி வந்து கம்பெனி போடவில்லை. எட்டு மாதம் அங்கேயே இருந்து தீக்குச்சி செய்யும் முறையைக் கற்றுக்கொண்டு, திரும்பி வந்து 1923இல் தொடங்கினார்கள். கதை சொல்கிறவர்கள் வறட்சியையும் துணிச்சலையும் விரிவாகச் சொல்வார்கள். எட்டு மாதத்தை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த எட்டு மாதம்தான் கதையாகத் தெரிகிறது.

திருப்பூரில் அந்த எட்டு மாதம் பல வருடங்களாக நீண்டது. 1990களில் அங்கே களஆய்வு செய்த புவியியலாளர் ஷரத் சாரி, சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வந்த கவுண்டர் சமூகத்தினர் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களாக இருந்து முதலாளிகளானதைப் பதிவு செய்தார். நீங்கள் எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்டால் அவர்களுடைய பதில் ‘உழைப்பு’ என்ற ஒரு சொல்தான். அதில் உண்மை உண்டு. கைமடித்துக் கொடுத்ததில் தொடங்கி, ஓவர்லாக் ஓட்டி, நாலு மெஷின் போட்டு, பவர்டேபிள் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) எடுத்து, கூட்டாளிகளோடு சேர்ந்து கம்பெனி போட்ட ஏணி அது. ஏணியின் ஒவ்வொரு படியிலும் தொழில் தெரிந்துகொண்டே ஏறினார்கள். ஆனால் உழைப்பு என்ற சொல் ஒன்றை மறைக்கிறது. அதே தரையில் அதே மெஷினில் உழைத்த தலித் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் அந்த ஏணி பெரும்பாலும் கிடைக்கவில்லை. நூல் கடனுக்குக் கொடுக்கவும், கூட்டுச் சேரவும், முதல் ஆர்டரை நம்பித் தரவும் சொந்தக்காரர்கள் இருந்தவர்களுக்கு உழைப்பு முதலாக மாறியது. மற்றவர்களுக்கு அது உழைப்பாகவே இருந்தது.

வெற்றிபெற்றவர்களின் வாயிலிருந்து காரணத்தைக் கேட்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். ஹட்சன் நிறுவனர் ஆர்.ஜி. சந்திரமோகன் படிப்பில் தோற்று, 1970இல் 13,000 ரூபாயில் ஐஸ் குச்சி செய்ய ஆரம்பித்தவர். கவின்கேர் நிறுவனர் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலில் சகோதரர்களோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, 1983இல் 15,000 ரூபாயோடு ஷாம்பு பாக்கெட் போட்டவர். பரீட்சையில் தோற்றதும் குடும்பத்தில் மனஸ்தாபமும் எந்த ஆய்வாளர் பட்டியலிலும் ‘தள்ளும் காரணம்’தான். இவர்களை வைத்துத் தள்ளப்பட்டவர்களே ஜெயிப்பார்கள் என்று ஒரு விதியே எழுதிவிடலாம். அதே வருடத்தில் அதே காரணத்துக்காக அதே தொகையைப் போட்டுத் தோற்றவர்களிடம் யாரும் மைக் நீட்டவில்லை என்பதை மட்டும் மறந்துவிடவேண்டும்.

வாயால் சொல்லும் காரணத்தை நம்பமுடியாது என்றால் வேறு எப்படி அளப்பது? ஹைதராபாத்தில் ஒரு வழி கிடைத்தது. 104 குடிசைப் பகுதிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் முதலில் நுண்கடன் நிறுவனம் கிளை திறந்தது. அபிஜித் பானர்ஜி, எமிலி பிரேசா, எஸ்தர் டுஃப்லோ, சிந்தியா கின்னன் ஆகியோர் அந்தக் குடும்பங்களை ஆறு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். நீங்கள் ஏன் தொழில் செய்கிறீர்கள் என்ற கேள்வியை அவர்கள் நம்பவில்லை. அதற்குப் பதில் ஒரு செயலைப் பார்த்தார்கள்: சுலபமான கடன் ஊருக்குள் வருவதற்கு முன்பே, கைக்காசையும் கந்துவட்டியையும் வைத்துத் தொழில் தொடங்கியிருந்தவர் யார்? கடன் வசதி வந்த பகுதிகளில் இருந்த அந்த முன்கூட்டியே இறங்கியவர்களின் தொழில்களில், முதலில் கடன் வராத பகுதிகளில் இருந்த அதே ரகத்தினரைவிட 35 சதவீதம் அதிக முதல் இருந்தது, வருமானம் இரண்டு மடங்கு இருந்தது. மற்ற குடும்பங்களில் அந்தக் கடன் தொழில் ரீதியாகக் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் செய்யவில்லை.

இது கொஞ்சம் யோசிக்கவைக்கிற முடிவு. முந்தி இறங்கியதற்குக் காரணம் ஆசை மட்டும்தானா, திறமையும் கொஞ்சம் வசதியும் சேர்ந்திருந்ததா என்று பிரிப்பது எளிதில்லை. ஆனால் நடைமுறைக்கு ஒன்று தெரிகிறது. கஷ்டமான நேரத்திலும் இறங்கினார் என்பது ஒருவருடைய வார்த்தையைவிட நம்பத்தக்க அடையாளம். எல்லாரையும் தொழில்முனைவோராக்குகிறோம் என்று ஒரே அளவில் கடன் பிரித்துக்கொடுக்கும் திட்டங்களுக்கு இந்த முடிவு சௌகரியமானதல்ல.

இலங்கையிலும் இதே திசையில் ஒரு முடிவு உண்டு. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் தனியாளாகத் தொழில் செய்பவர்களைச் சம்பளக்காரர்களோடும், ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர்களோடும் குணம், திறன், குடும்பப் பின்னணி என்று ஒப்பிட்டார்கள். தனியாள் தொழில்காரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சம்பளக்காரர்களைத்தான் ஒத்திருந்தார்கள். நாளைக்கே ஒழுங்கான சம்பள வேலை வந்தால் கடையை மூடிவிட்டுப் போகக்கூடியவர்கள் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

அதே மூவர் இலங்கையின் தென்பகுதியில் சிறு தொழில்களுக்கு 10,000, 20,000 இலங்கை ரூபாய் என்று குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். போட்ட பணத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு 55 முதல் 63 சதவீதம் வருமானம். வங்கிகள் வெட்கப்படவேண்டிய எண்ணிக்கை. ஆனால் பெண்கள் நடத்திய தொழில்களில் அந்தப் பணத்தால் லாபம் கூடவே இல்லை. பெண்களுக்குத் தொழிலில் அவ்வளவு முனைப்பு இல்லை என்று முடிவு கட்டுவதற்குள், பிற்பாடு வந்த ஒரு மறுஆய்வு வேறு விஷயத்தைக் காட்டியது. இலங்கை, இந்தியா, கானா தரவுகளைத் திரும்பப் பார்த்ததில், மனைவி பெயரில் வந்த பணம் கணவருடைய தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் ஒன்று மட்டுமே இருந்த குடும்பங்களில் ஆண்களுக்கு நிகரான லாபம் தெரிந்தது. நம் ஊர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் யாரிடமாவது இதைச் சொன்னால், இதற்கு எதற்கு ஆராய்ச்சி என்று சிரிப்பார்கள்.

இதுவரை ‘வெற்றி’ என்று சொல்லிவந்தது லாபத்தையும் நீடிப்பையும்தான். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்டன் ஹாமில்டன் என்பவர் அமெரிக்கத் தரவை வைத்து 2000இல் வெளியிட்ட கணக்கு பிரபலமானது. பத்து வருடம் சொந்தத் தொழில் செய்த ஒருவர், அதே பத்து வருடம் சம்பள வேலையில் இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக்கூடியதைவிட, இடைநிலைக் கணக்கில், அதாவது வருமான வரிசையில் நடுவில் நிற்பவரை வைத்துப் பார்த்தால், 35 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார். பிறகு ஏன் விடாமல் செய்கிறார்? பணம் மட்டுமே குறியாக இருந்தால் ஐந்தாம் வருடமே ஷட்டரை இறக்கியிருப்பார். தானே எஜமான் என்பதற்கு அவர் கொடுக்கும் விலை அந்த 35 சதவீதம். எரிக் ஹர்ஸ்ட்டும் பெஞ்சமின் பக்ஸ்லியும் 2011இல் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: அமெரிக்கச் சிறு தொழில்காரர்களில் பெரும்பாலோருக்குத் தொழிலைப் பெரிதாக்கும் எண்ணம் ஆரம்பத்திலேயே கிடையாது. நேரம் தன் கையில் இருக்கவேண்டும், தனக்கு மேல் ஆள் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காக வீட்டிலேயே ஆரி வேலை எடுக்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் எட்டாயிரத்துக்கு மேல் ஆர்டர் எடுக்கமாட்டார். பயிற்சி நடத்தும் அதிகாரி வந்து, ‘நீங்கள் வளரவே இல்லையே’ என்று வருத்தப்படுவார். அவர் எதற்காக வந்தாரோ அது தினமும் நாலு மணிக்கு அவருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. காரணத்தைக் கேட்காமல் லாபத்தை மட்டும் அளந்தால் இவர் தோல்விக் கணக்கில் விழுவார். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ‘அவங்களுக்கு அது போதும்’ என்று சொல்லிச் சொல்லியே, அதிகம் வேண்டும் என்று நினைக்கும் பெண்களுக்கும் கடன் கொடுக்காமல் விடுவது.

காரணத்தை மாற்றமுடியுமா? தள்ளப்பட்டு வந்தவரை உள்ளே வந்த பிறகு வேறு ஆளாக்க முடியுமா? ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறு தொழில்காரர்களை மூன்றாகப் பிரித்துச் செய்த சோதனை 2017இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான பயிற்சி: கணக்கு எழுதுவது, சரக்கு நிர்வாகம், விளம்பரம். இன்னொரு பகுதியினருக்கு உளவியல் அடிப்படையிலான பயிற்சி: பக்கத்துக் கடையைப் பார்த்துச் செய்யாமல் தானாக ஒன்றை முயல்வது, தடைகளை முன்கூட்டி யோசிப்பது, தோற்றாலும் விடாமல் மாற்றிப் பார்ப்பது. மூன்றாம் பகுதியினருக்கு எதுவும் இல்லை. உளவியல் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சியில் தெரிந்த 11 சதவீத உயர்வு, புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்லக்கூடியதாக இல்லை. வாடிக்கையாளரை முன்னே போய்த் தேடும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடிகிறது என்பது எனக்கு ஆச்சரியம்தான். மேடைப் பேச்சுகளில் அதை ரத்தத்திலேயே இருக்கவேண்டிய குணமாக அல்லவா சொல்வார்கள்!

அப்படியானால் தள்ளப்பட்டவர்களுக்குத் தொழிலைவிட வேலைதான் நல்லதா? எத்தியோப்பியாவில் இதையும் சோதித்தார்கள். தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பித்த சுமார் ஆயிரம் பேரை கிறிஸ் பிளாட்மனும் ஸ்டீபன் டெர்கனும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு அந்த வேலை. சிலருக்கு 300 டாலரும் ஐந்து நாள் தொழில் பயிற்சியும். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பணம் பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. தொழிற்சாலைக்குப் போனவர்களுக்கு வருமானம் கூடவில்லை, உடம்புத் தொந்தரவு கூடியிருந்தது, பெரும்பாலோர் சில மாதங்களிலேயே விட்டிருந்தார்கள். இவர்கள் யாருமே கடை வைக்கும் கனவோடு வந்தவர்கள் இல்லை. வேலை கேட்டு வரிசையில் நின்றவர்கள். ஐந்து வருடம் கழித்து மறுபடி போனபோது மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. பணம் பெற்றவர்களின் முன்னிலை கரைந்திருந்தது. ஆரம்பத் தள்ளு எதுவாக இருந்தாலும், ஊரில் இருக்கும் சந்தையும் கூலியும் கடைசியில் எல்லாரையும் தன் மட்டத்துக்கே இழுத்துக்கொண்டது.

எங்கள் தெருமுனைக் கடைக்குப் பதினோரு வருடம் ஆகிறது. மாஸ்டராகவே இருந்திருந்தால் இப்போது கிடைக்கும் கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் நிற்கிறது என்பது அவர் கணக்கு. காலை நாலு மணிக்கு எழுந்திருப்பதைச் சேர்க்காமல். மகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். சாயங்காலத்தில் சில நாள் வந்து கிளாஸ் எடுத்துக் கொடுப்பான். கூட்டம் குறைந்த ஒரு நேரத்தில் அவன் வடைக் கரண்டியை எடுத்து எண்ணெயில் விடப்போனான். இவர் கையைத் தட்டிவிட்டு, கரண்டியை வாங்கி வைத்துவிட்டார். “படிக்கிற வேலையப் பாரு.”